சி பிளாக், மூன்றாவது குழாய்

அந்தக் குடியிருப்பில் இருநூற்று நாற்பது வீடுகள். அவர் லிஃப்டில் ஏறினால் உள்ளே இருப்பவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்குவார்கள். பதிலுக்கு அவர் மூக்கைச் சுளிப்பதில்லை. அந்த அளவுக்குக்கூட அவர்களை அவர் பொருட்படுத்தவில்லை.

காவலாளிகள் அவருக்கு வைத்த பெயர் மோப்பம். கார் நிறுத்தும் கீழ்த்தளத்தின் கோடியில், ஓர் இரும்புக் கதவுக்குப் பின்னால், குடியிருப்பின் கழிவுநீர் முழுக்க வந்து சேரும் தொட்டிகள் இருந்தன. பதினோரு வருடமாக அவற்றை ஓட்டுபவர் அவர்தான். கதவைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தால் போதும், தொட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். நன்றாக ஓடும் தொட்டி நாறாது, ஈர மண் மாதிரி வாசம் வரும். இதைச் சொன்னால் யாரும் நம்பியதில்லை. நம்பாதவர்களுக்கு இரண்டாம் முறை சொல்லும் வழக்கமும் அவருக்கில்லை.

அதற்கு முன் பதினாறு வருடம் ஒரு துணி வெளுக்கும் ஆலையில் பம்பு பார்த்தார். ஆலைக்குப் பின்னால் ஓர் ஓடை. ஆலைக் கழிவை ஓடைக்குத் திருப்பிவிடும் வால்வு அவர் பொறுப்பு. ஆய்வுக்கு ஆட்கள் வரும் நாளில் மட்டும் அதைத் திருப்பக் கூடாது. மற்ற நாளெல்லாம் திருப்பலாம். ஆய்வுக்கு வருகிறவர்கள் சலவைச் சட்டையோடு வந்து, ஓடையைப் பார்த்து, "சுத்தமா வச்சிருக்கீங்க" என்று முதலாளிக்குக் கைகொடுத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் கார் தெரு முனை திரும்பியதும் முதலாளி இவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவார். சலவைச் சட்டைக்காரர்கள் மேல் மோப்பத்துக்கு இருந்த இளக்காரம் அங்கே தொடங்கியது. வால்வைத் திருப்பிய தன் கை மேலும் பெரிய மரியாதை கிடையாது.

ஆலையை மூடிய பிறகு நான்கு நாள் பயிற்சி ஒன்றுக்குப் போனார். அங்கேதான் தெரிந்துகொண்டார், கழிவுத் தொட்டியில் வேலை செய்வது இயந்திரம் அல்ல, கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் என்று. காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் அவை கழிவைத் தின்று பெருகும். தண்ணீர் தெளியும். தெளிந்த தண்ணீர் தோட்டத்துக்கும், வாசலில் இருக்கும் மீன் குளத்துக்கும் போகும். அந்தக் கிருமிகளை அவர் மந்தை என்றே சொல்வார். மந்தைக்குத் தீனி குறையக் கூடாது, மூச்சு முட்டக் கூடாது, விஷம் படக் கூடாது. தினமும் காலையில் உயரமான ஒரு கண்ணாடிக் குடுவையில் தொட்டித் தண்ணீரை மொண்டு அரை மணி நேரம் அசையாமல் வைப்பார். பழுப்புச் சேறு அடியில் எவ்வளவு கெட்டியாகப் படிகிறது என்று பார்த்தால் மந்தையின் உடம்பு தெரிந்துவிடும். அதை நோட்டில் எழுதிவைப்பார். பதினோரு வருடத்தில் அந்த நோட்டை யாரும் கேட்டதில்லை.

மேலே இருப்பவர்களின் வண்டவாளம் கீழே அவருக்கு அத்துப்படி. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஷாம்பு நுரை பொங்கித் தொட்டி விளிம்பில் ஏறும். நான்கு பேர் இருக்கும் வீட்டில் நாற்பது பேர் குளித்த மாதிரி இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போகிற நாட்களில் தலைச்சாயம் வந்து தொட்டி கருத்துவிடும். இயற்கை வாழ்வு, இயற்கை உணவு என்று ஓயாமல் பேசும் ஏ பிளாக்கிலிருந்துதான் முகம் தேய்க்கும் களிம்பின் பிளாஸ்டிக் மணிகள் அதிகம் வரும். கடுகைவிடச் சின்னது, நீலமாக இருக்கும். மந்தை அதைத் தின்னாது. குடுவையின் மேல்மட்டத்தில் மிதந்துகொண்டே இருக்கும். "மூஞ்சி வெளுக்க பிளாஸ்டிக்கைத் தேய்க்கிற கூட்டம்" என்று அவர் சத்தமாகவே சொல்வார். கேட்பதற்குத்தான் அங்கே யாரும் இல்லை.

அந்தக் கூட்டத்திலேயே அவருக்கு அறவே ஆகாதவர் சங்கச் செயலாளர். மருந்து மொத்த வியாபாரி. சி பிளாக்கில் மேல்மாடி வீடு. எதைச் செய்தாலும் அதைப் படமெடுக்க ஆள் வேண்டும் அவருக்கு. வீட்டுக்கு ஒரு துணிப்பை கொடுத்தார், படம் எடுத்தார்கள். மீன் குளத்துப் பக்கத்தில் 'பசுமைக் குடியிருப்பு' என்று பலகை வைத்தார், அதில் குளத்தைவிடத் தன் படத்தைப் பெரிதாகப் போட்டுக்கொண்டார். பதவிக்கு வந்த மூன்று வருடத்தில் அந்த இரும்புக் கதவுக்குப் பின்னால் அவர் ஒரு முறை வந்தார். வாசலிலேயே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "எல்லாம் ஓடுதுல்ல?" என்றார்.

"ஓடுது சார்."

"அது போதும்ப்பா."

ஒரு புதன்கிழமை காலை மோப்பம் கதவைத் திறந்தார். மண் வாசம் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவைத் துடைத்துவிட்டுப் போன மாதிரி ஒரு நெடி. அதற்கு அடியில் மெல்லிசாக அழுகல். விளக்கைப் போட்டார். பெரிய தொட்டியின் மேல் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை நுரை. அதைத் துடுப்பால் விலக்கிப் பார்த்தார். பழுப்பாக இருக்க வேண்டிய தண்ணீர் சாம்பல் பூத்திருந்தது. குடுவையில் மொண்டு வைத்தார். அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. சேறு படியவில்லை, சோப்புத் தண்ணீர் போல் கலங்கலாகவே நின்றது.

மந்தை செத்துக்கொண்டிருந்தது.

கழிவுநீர் தொட்டிக்குள் நுழையும் இடத்துச் சல்லடையில் குப்பையைக் கிளறினார். வழக்கமாக வருவதோடு, பஞ்சு உருண்டைகள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. கட்டை விரல் அளவில் வெள்ளைப் பொட்டலங்கள், உள்ளே மணல் மாதிரி ஏதோ சலசலத்தது. ஒரு கைப்பிடி அள்ளிப் பழைய டப்பாவில் போட்டுக்கொண்டார். பிறகு செயலாளருக்குப் போன் செய்தார்.

"சார், யாரோ மருந்து ஊத்தியிருக்காங்க. தொட்டி செத்துக்கிட்டு இருக்கு. குளத்துக்குப் போற தண்ணிய நிறுத்திட்டேன்."

"யாரைக் கேட்டு நிறுத்துனே? ஞாயித்துக்கிழமை பத்திரிகையிலேர்ந்து ஆள் வர்றாங்க. குளம் தளும்பத் தளும்ப இருக்கணும்."

"இந்தத் தண்ணி போனா மீன் தாங்காது சார்."

"தொட்டியப் பாத்துக்கத்தான் உன்ன வச்சிருக்கு. உனக்கு வேலை தெரியலன்னா ஊர்ல எவனோ மருந்து ஊத்துனானா? திறந்து விடுய்யா."

"நான் திறக்க மாட்டேன் சார்."

அப்படி ஒரு வார்த்தையை அவர் வாழ்நாளில் எந்தச் சலவைச் சட்டையிடமும் சொன்னதில்லை. அந்த மறுப்பால் ஒன்றும் ஆகவில்லை. மதியம் சாப்பிடப் போன நேரத்தில் செயலாளர் ஒரு காவலாளியை அனுப்பி வால்வைத் திறக்க வைத்தார். காவலாளிக்கு எது எந்த வால்வு என்று தெரியாது, தோட்டத்துக்கும் குளத்துக்கும் போகும் இரண்டையும் திறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை குளத்து மீன்கள் அத்தனையும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

மூன்று நாளாகக் கீழ்த்தளத்தில் நாற்றம் தேங்கிக் கிடந்தது. அதற்கு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்கள். மீன் செத்ததும் குடியிருப்பே திரண்டு வந்துவிட்டது. பிள்ளைகளைத் தூக்கிவந்து காட்டிவிட்டு, பிள்ளைகள் அழுததும் அதற்கும் மோப்பத்தைத் திட்டினார்கள். ஏ பிளாக்கில் நாட்டியப் பள்ளி நடத்தும் அம்மா ஒருவர் குளத்து விளிம்பில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். மோப்பம் வலையால் மீன்களை அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு மனசாட்சியே இல்லையா? வாயில்லாத ஜீவன்!" என்றார் நாட்டியக்கார அம்மா.

"வாய் இருக்கிற ஜீவன் ஏதோ ஊத்தினதுலதாம்மா இது செத்துச்சு" என்றார் மோப்பம். அந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, திமிர் பிடித்த ஆள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

செயலாளர் பத்திரிகைக்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம் என்று அறிவிப்பு ஒட்டினார். 'கழிவுநீர் நிலையத்தில் ஊழியரின் அலட்சியம் குறித்து' என்று தலைப்பு. மோப்பம் அதை நின்று நிதானமாகப் படித்தார். அலட்சியம் என்ற வார்த்தை பிடித்திருந்தது. இவ்வளவு காலம் அவர்கள் எல்லோர் மேலும் தனக்கு இருந்தது அதுதானே என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒவ்வொரு பிளாக்குக்கும் மேலிருந்து இறங்கும் குழாய்கள் நான்கு. ஒவ்வொரு குழாய்க்கும் தரையில் ஒரு சேம்பர், அதற்கு இரும்பு மூடி. ஏ பிளாக்கில் நான்கு மூடியையும் நெம்பித் திறந்து பார்த்தார். வழக்கமான அசிங்கம்தான். பி பிளாக்கில் ஒரு வீட்டார் குழந்தைத் துணியைக் குழாயில் விட்டிருந்தார்கள், எடுத்து வெளியே போட்டார். சி பிளாக்கில் முதல் இரண்டும் சரி. மூன்றாவது மூடியைத் தூக்கினார். சிமெண்டுச் சுவர் ரோஜா நிறத்தில் சாயம் ஏறிக் கிடந்தது. இருமல் மருந்து மாதிரி இனிப்பான நாற்றம். விளிம்பில் அதே வெள்ளைப் பொட்டலங்கள் பத்துப் பன்னிரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. நெடி முகத்தில் அடித்து, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

மூன்றாவது குழாயில் பத்து வீடுகள். மேல்மாடியில் இருக்கும் பத்தாவது யாருடையது என்று அவருக்குத் தெரியும். அது தெரிந்தால் போதாது.

டப்பாவை எடுத்துக்கொண்டு தெரு முனை மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"இது எங்கேர்ந்து கிடைச்சுதுண்ணே?"

"கக்கூஸ் தண்ணியிலேர்ந்து."

அந்த அம்மா சட்டென்று பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார். "மாத்திரை பாட்டில்ல ஈரம் இழுக்க உள்ள போடுவாங்க. மேல பஞ்சும் அடைச்சிருப்பாங்க. வீட்ல யாரும் இப்படிப் பாட்டில் பாட்டிலா வாங்க மாட்டாங்கண்ணே, அட்டையாத்தான் வாங்குவாங்க. பெரிய பாட்டில் ஆஸ்பத்திரிக்குப் போறது. ஸ்டாக் வச்சிருக்கிறவங்க யாரோ காலி பண்ணியிருக்காங்க."

"எதுக்குக் காலி பண்ணணும்?"

"தேதி முடிஞ்சிருக்கும். கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும், இல்ல எரிக்கிற எடத்துக்கு அனுப்பணும். அதுக்கு ஆயிரம் எழுத்து வேலை. கக்கூஸ்ல கொட்டிட்டு தண்ணிய அடிச்சா ஒரு நிமிஷம்." பிறகு மூலையில் இருந்த ஒரு மஞ்சள் பெட்டியைக் காட்டினார். "வீட்ல மீந்தது, தேதி முடிஞ்சது, எதையும் இதுல கொண்டாந்து போடலாம். மொத்தமா எரிக்க அனுப்பிடுவோம். வச்சு ரெண்டு வருஷம் ஆவுது. யாரு போடுறா? போன மாசம் ஒருத்தர் குடையை வச்சுட்டுப் போனாரு."

மோப்பம் சிரித்தார். மூன்று நாளில் அது முதல் சிரிப்பு.

"உங்க வீட்ல என்ன பண்றீங்கண்ணே?" என்று அந்த அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நானா? எடுத்துத் தனியா வச்சிருவேன்" என்றார் மோப்பம்.

அன்று வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். படித்தவன் செய்கிற வேலையா இது, நாய்கூடத் தான் படுக்கிற இடத்தில் அசிங்கம் பண்ணாது, இருநூற்று நாற்பது வீட்டில் ஒருவனுக்காவது தான் ஊற்றுவது எங்கே போகிறது என்று தெரியுமா என்று பொரிந்து தள்ளினார். அவர் மனைவி ஒரு பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தார். முடியும் வரை கேட்டுவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"என்னங்க, போன வாரம் உங்க மூட்டுவலி மாத்திரை பழசாப் போச்சுன்னு எங்க போட்டீங்க?"

அவர் கழற்றிய சட்டையைக் கொடியில் போட்டார்.

"நீங்க கக்கூஸ்ல போட்டுட்டு ரெண்டு வாளி தண்ணி ஊத்துனீங்க. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அங்கயாவது உங்க மந்தை இருக்கு, திங்குது. நம்ம வீட்டுத் தண்ணி நேரா பின்னால சாக்கடைக்குத்தானே போவுது? அங்க யாரு இருக்கா, திங்கிறதுக்கு?"

கடையில் அந்த அம்மாவிடம் கூசாமல் சொன்ன பொய் நெஞ்சில் வந்து நின்றது. பதினாறு வருடம் வால்வு திருப்பிய கை, இன்னும் திருந்தவில்லை. அலமாரியைத் திறந்து தேதி முடிந்தது, பாதி தின்றது, எதற்கென்றே மறந்துபோனது எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் குவித்தார். இரண்டு கை நிறைய வந்தது. மனைவி ஒரு துணிப்பையை நீட்டினார். அது செயலாளர் கொடுத்த பை. வீட்டில் வேறு பை இல்லை.

சனிக்கிழமை காலை சி பிளாக்கின் மூன்றாவது சேம்பரை மறுபடி திறந்து கிளறிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "அண்ணே, அதை மூடுங்க. நீங்க தேடுறது கீழ இல்ல, மேல இருக்கு."

நான்கைந்து வீடுகளில் வேலை செய்யும் பெண். கையில் துடைப்பக்கட்டையோடு தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"கைல என்னம்மா?"

"ஒரு கேன்ல இருந்தது பட்டது. கை கழுவுற மருந்து, ரெண்டு ஆள் தூக்குற கேன். செயலாளர் வீட்டுல பால்கனி முழுக்க அட்டைப்பெட்டிண்ணே. வாடகை கோடவுனைக் காலி பண்ணிட்டு இங்க கொண்டாந்து போட்டாரு. செவ்வாய்க்கிழமை, புதன்கிழமை ரெண்டு நாள் ஒக்கார வச்சு, ஒண்ணொண்ணா திறந்து கக்கூஸ்ல கொட்டச் சொன்னாரு. சிரப்பு, மாத்திரை, கேனு, எல்லாம். பாட்டிலைக் கழுவித் தனியா வைக்கணும். பழைய பாட்டில் எடுக்கிறவர்கிட்ட போடவாம்."

"எல்லாம் கொட்டியாச்சா?"

"பாதிதான் ஆச்சு. புதன்கிழமை உங்க போன் வந்ததும் நிறுத்தச் சொல்லிட்டாரு." கொஞ்சம் தயங்கினார். "அண்ணே, என் பேரை இழுத்துடாதீங்க. அந்த வீடு போனா அவரு சொல்லி மத்த வீடும் போயிடும்."

"இழுக்க மாட்டேன்மா" என்றார் மோப்பம். அந்த வீட்டில் அவ்வளவு படித்த ஆட்கள் இருந்து, நாலு எழுத்து படிக்காத ஒரு பெண்ணின் தோலை உரிய வைத்துத்தான் தங்கள் அசிங்கத்தைக் கழுவ முடிந்திருக்கிறது. அவர் மூடியைத் தூக்கிப் போட்ட சத்தத்தில் இரண்டாம் மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது.

ஞாயிறு காலை பத்து மணி. பொதுக்கூட்ட அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. மோப்பம் துவைத்த சட்டை போட்டு, அந்த டப்பாவையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். முன்வரிசையில் ஒருவர் அவரைப் பார்த்ததும் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார். அந்த வேலைக்காரப் பெண் பின்பக்க மேசையில் டீக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கூட்டம் என்றால் டீ கொடுக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

செயலாளர் எழுந்து இருபது நிமிடம் பேசினார். பூமித்தாய் வந்தாள், வருங்காலத் தலைமுறை வந்தது, தான் கொடுத்த துணிப்பைகள் வந்தன. கடைசியாகத் தகுதியில்லாத ஆட்களை நம்பிப் பொறுப்பைக் கொடுத்த தன் பெருந்தன்மை வந்தது. பாதிப் பேர் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். "நீ ஏதாவது சொல்லணுமாப்பா?" என்று முடித்தார்.

மோப்பம் நோட்டைத் திறந்து மேசை மேல் வைத்தார். "பதினோரு வருஷத்துக் கணக்கு இதுல இருக்கு. ஒரு நாளும் இந்தத் தொட்டி இப்படிக் கெட்டதில்ல. செவ்வா, புதன் ரெண்டு நாளும் மருந்து வந்திருக்கு. கொஞ்சநஞ்சம் இல்ல, பெட்டி பெட்டியா. கிருமிய கொல்றதுக்குன்னே செஞ்ச மருந்து, அது தொட்டியில இருக்கிற கிருமி, உடம்புல இருக்கிற கிருமின்னு பாக்காது. சி பிளாக், மூணாவது குழாய் வழியா வந்திருக்கு. சேம்பர் இன்னும் செவப்பாத்தான் இருக்கு, யாரு வேணா வந்து பாக்கலாம். அந்தக் குழாயில பத்து வீடு. எந்த வீடுன்னு எனக்குத் தெரியாது."

கடைசி வாக்கியம் பொய். அந்தப் பெண்ணுக்காகச் சொன்னது.

பத்து வீட்டாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "எங்க வீட்ல ஜலதோஷ மாத்திரைகூடக் கிடையாது" என்றார் ஒருவர். "மூணாவது மாடியில நர்ஸ் ஒருத்தங்க இருக்காங்களே" என்று இன்னொருவர் கோர்த்துவிட்டார். நர்ஸ் எழுந்து நின்று கத்த ஆரம்பித்தார். பொதுநலம் பேசிக்கொண்டிருந்த கூட்டம் இரண்டே நிமிடத்தில் அடுத்த வீட்டுக்காரரின் தலையில் பழியைக் கட்டுவதற்கு ஓடியது. மோப்பம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

செயலாளருக்கு வியர்த்திருந்தது. ஒருவரும் அவர் பக்கம் திரும்பவே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் சும்மா இருந்து அவருக்குப் பழக்கம் கிடையாது.

"அமைதி, அமைதி!" என்று எழுந்தார். "பாருங்க, இதெல்லாம் படிக்காத ஜனங்களால வர்ற வினை. நாம ஒண்ணு சொன்னா அதுங்க ஒண்ணு செய்யும். குப்பையில போடுன்னு நான் தெளிவா சொன்னேன். இந்தப் பொம்பளை அறிவில்லாம கக்கூஸ்ல கொட்டியிருந்தா, அதுக்கு நானா பொறுப்பு?"

போனை நோண்டிக்கொண்டிருந்தவர்கள் அதைக் கீழே வைத்தார்கள்.

"எந்தப் பொம்பளை?" என்று கேட்டார் நர்ஸ். "எதைக் கொட்டினாங்க? உங்க வீடுன்னு யாருமே சொல்லலையே."

பின்பக்கத்தில் ஒரு கோப்பை மேசைமேல் 'டக்' என்று உட்கார்ந்தது.

"அறிவு இருக்குங்கய்யா" என்றார் அந்தப் பெண். மேசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். "இருக்கப் போய்த்தான், குப்பையில போட்டா நாய் திங்கும், தொட்டியில கொட்டினா நாறும், என்ன பண்றதுன்னு மொதல் நாளே உங்களைக் கேட்டேன். 'கொட்டிட்டு தண்ணிய அடி, கண்ணுக்குத் தெரியாது'ன்னு சொன்னீங்க. இன்னும் பாதி உங்க பால்கனியில இருக்கு. போர்வை போட்டு மூடி வச்சிருக்கீங்க." பிறகு இரண்டு உள்ளங்கையையும் விரித்து எல்லோருக்கும் காட்டினார். "இது குப்பையில போட்டதுல வரலைங்க."

"வேலைக்காரி பேச்சை வச்சு…" என்று செயலாளரின் நண்பர் ஒருவர் ஆரம்பித்தார். மூன்று வருடத்தில் முதல் முறையாக அந்த அறையில் செயலாளரின் ஆளைப் பார்த்து "நீங்க உக்காருங்க சார்" என்றார்கள். டி பிளாக்கில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மட்டும் கையைத் தூக்கினார். "சம்சாரம் போனதுக்கப்புறம் அவ மருந்தெல்லாம் ஒரு டப்பாவுல இருக்கு. நானும் நேத்து வரைக்கும் கக்கூஸ்லதான் போடலாம்னு நெனச்சேன். எங்க போடணும்ப்பா?"

அவ்வளவு பேரில் ஒருவருக்குத்தான் அதைக் கேட்கத் தோன்றியது. மோப்பம் அவரிடம் தெரு முனைக் கடையைச் சொன்னார். அட்டையோடு, பாட்டிலோடு அப்படியே கொண்டுபோனால் போதும், எதையும் பிரித்துக் கொட்ட வேண்டாம் என்று சொன்னார். "நானும் நேத்துத்தான் சார் கொண்டுபோய்ப் போட்டேன். அதுவரைக்கும் நானும் கக்கூஸ்லதான்" என்றும் சேர்த்துக்கொண்டார். முன்வரிசைக்காரர்கள் இதைக் கேட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார்கள். தங்களைப் போல் இன்னொரு அயோக்கியன் கிடைத்த நிம்மதி அவர்களுக்கு.

செயலாளர் மறு வாரமே உடல்நிலை காரணமாக விலகிக்கொண்டார். யாரும் அவர்மேல் புகார் கொடுக்கவில்லை. குடியிருப்பின் பெயர் கெட்டுவிடும் என்று எல்லோரும் ஒருமனதாக முடிவெடுத்தார்கள், அந்தச் சங்க வரலாற்றில் ஒருமனதாக எடுத்த ஒரே முடிவு அதுதான். பால்கனிப் பெட்டிகளை மட்டும் மருந்துக்கடை அம்மா பேசி, எரிக்கும் இடத்துக்கு வண்டியில் அனுப்பிவைத்தார். அந்தப் பெண்ணுக்கு அந்த வீட்டோடு இன்னும் இரண்டு வீடும் போயின. ஒரு மாதம் கழித்து நர்ஸும் தபால்காரரும் தங்கள் வீட்டு வேலைக்கு வரச் சொன்னார்கள். கை ஆறியது. இடது கையில் தழும்பு நின்றுவிட்டது.

தொட்டி தேறுவதற்கு ஆறு வாரம் ஆயிற்று. மோப்பம் செத்த தண்ணீரை லாரியில் ஏற்றி அனுப்பினார். வேறொரு குடியிருப்பிலிருந்து ஒரு லாரி நல்ல சேற்றை வாங்கிவந்து கலந்தார். அதற்குச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்து ஊற்றினார், காற்றை இரண்டு மடங்கு ஊதவிட்டார், தினம் மூன்று முறை குடுவையைப் பார்த்தார். இருபதாம் நாள் அடியில் ஒரு விரற்கடை சேறு படிந்தது. நாற்பதாம் நாள் கதவைத் திறந்தபோது மண் வாசம் வந்தது. கீழே படியில் உட்கார்ந்து கொண்டுவந்திருந்த டீயைக் குடித்தார். அவர் வேறு கொண்டாட்டம் எதுவும் செய்யவில்லை.

புதிய செயலாளர், குளத்தங்கரையில் அழுத நாட்டியக்கார அம்மா. பதவிக்கு வந்த மறு நாளே வாசலில் ஒரு மருந்துப் பெட்டி வைத்து ரிப்பன் வெட்டினார், படம் எடுத்தார்கள். வாரம் ஒரு முறை மோப்பம் அதைத் திறந்து கடைக்குக் கொண்டுபோவார். மாத்திரை அட்டைகள் வந்தன, உண்மைதான். அதோடு பிஸ்கட் உறை, பழைய பேட்டரி, ஒற்றைச் செருப்பு, ஒரு தடவை பாதி கடித்த ஆப்பிள். ஷாம்பு நுரை ஞாயிறு தவறாமல் பொங்கியது. நீல மணிகள் குடுவையில் மிதந்தன.

ஒரு நாள் அந்த அம்மா இரும்புக் கதவு வரைக்கும் வந்தார். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டிருந்தார். பின்னால் ஓர் ஆள் பெட்டி ஒன்றைத் தூக்கிவந்தார்.

"உங்களுக்காகத்தான் வாங்கினேன்" என்றார் பெருமையாக. "சுவத்துல மாட்டிட்டா கால் மணிக்கு ஒரு தடவை தானா மல்லிகை வாசனை அடிக்கும். பாவம், நீங்களும் மனுஷன்தானே."

"இங்க நாத்தம் இல்லம்மா. கொஞ்சம் மூச்சை இழுத்துப் பாருங்க."

அந்த அம்மா மூச்சை இழுக்கவில்லை. "அது உங்களுக்குப் பழகிடுச்சு" என்று இரக்கமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மாட்டிவிட்டு ஆளும் போனார். இயந்திரம் 'புஸ்' என்று தன் முதல் மல்லிகையை விட்டது. அது தொட்டியின் மண் வாசத்தின் மேல் படர்ந்து, மலிவான சோப்பு மாதிரி ஒரு நெடியாகிவிட்டது. இனி கதவைத் திறந்தால் தொட்டியின் உடம்பு அவருக்குத் தெரியாது, நாட்டியக்கார அம்மாவின் மல்லிகைதான் தெரியும். அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி, இயந்திரத்தைத் திறந்து உள்ளே இருந்த வாசனைக் குப்பியைக் கழற்றினார். கிட்டத்தட்ட முழுசாக இருந்தது. அழுத்தினால் காற்றில் போகும், ஊற்றினால் தொட்டியில் போகும், குப்பையில் போட்டால் யாராவது வெயிலில் வைத்து வெடிக்க விடுவார்கள். ஸ்டூலிலிருந்து இறங்கி, குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"சனியன்" என்றார். அன்று மருந்துக்கடைக்குப் போகும் மாத்திரைப் பையில் அதையும் போட்டுக்கொண்டார்.